சுற்றுச்சூழல் படிப்புக்குக் கடன் வாங்கும் முன்: சம்பளத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும் முறை

ராணிப்பேட்டைப் பக்கம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறேன். கல்விக் கடன் வாங்கித்தான் படித்தேன், கடைசித் தவணை வரை கட்டி முடித்துவிட்டேன். பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் முடிந்து முடிவு வருவதற்குள், தெரிந்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் பொறியியல், இப்போது புதிதாக 'சஸ்டெயினபிலிட்டி' (நிலைத்தன்மை) என்று பெயர் வைத்த முதுகலைப் படிப்புகள். கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இதுக்குக் கடன் வாங்கலாமா?"

வருகிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் கட்டணத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டணத்துக்கு வங்கி எவ்வளவு தரும் என்று கேட்கிறார்கள். சம்பளம் எப்படியும் வந்துவிடும் என்று அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கைக்கு வரப்போகிற சம்பளத்தில் தொடங்கி, அதில் எவ்வளவு தவணை தாங்கும் என்று பார்த்து, அந்தத் தவணைக்கு எவ்வளவு கடன் என்று வந்து, கட்டணத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கல்லூரியின் கட்டண விவரம், இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து. முதலாண்டுக் கட்டணம் மட்டும் போதாது. தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

அப்பா அம்மாவின் வருமானச் சான்றிதழ். வட்டி மானியம், உதவித்தொகை எல்லாமே இந்த ஒரு தாளைத்தான் கேட்கும். தாலுகா அலுவலகத்தில் சேர்க்கை நேரத்தில் கூட்டம் அதிகம், ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்பாவின் சிபில் அறிக்கை, அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் தாள். கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர் பழைய டிராக்டர் கடனையோ நகைக் கடனையோ இழுத்தடித்திருந்தால், வங்கியில் போய் உட்கார்ந்த பிறகுதான் அது தெரியவரும். முன்பே பார்த்துவிட்டால் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் சேர நினைக்கும் அதே துறையில் படித்து முடித்த இரண்டு மூன்று சீனியர்களின் போன் எண். மற்றதைவிட இதுதான் முக்கியம்.

2. பட்டத்தின் பெயர் எந்த வேலைக்குச் செல்லும் என்று பாருங்கள்

இந்தத் துறையில் பட்டத்தின் பெயர் மட்டுமே பல வேலைகளைத் தீர்மானிக்கிறது. அரசு வேலை அறிவிப்பில் 'சுற்றுச்சூழல் பொறியியல்', 'வேதியியல்', 'சிவில்', 'கெமிக்கல்' என்று பட்டங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்கள். 'சஸ்டெயினபிலிட்டி' என்று மட்டும் போட்ட பட்டம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் விண்ணப்பமே நிற்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, கல்வித் தகுதிப் பத்தியை வரி வரியாகப் படியுங்கள். கல்லூரிக்காரர்கள் 'சமமான பட்டம்தான்' என்று வாயால் சொன்னால் போதாது. சமம் என்று காட்டும் அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள்.

தனியார் பக்கம் நம்மூரில் நான்கு வகை வேலை இருக்கிறது.

முதலாவது, சுத்திகரிப்பு நிலையங்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகை நெடுக தோல் தொழிற்சாலைகளும் அவற்றுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இருக்கின்றன. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிக்காமல் தோல் தொழில் நடத்த முடியாது என்பதால் இந்த வேலை தொழில் இருக்கும் வரை இருக்கும். ஆனால் இங்கே எடுப்பது பெரும்பாலும் ஆய்வக வேதியியலர், ஆலை மேற்பார்வையாளர். இதற்கு வேதியியல் பி.எஸ்சி. போதும் என்பவர்களும் உண்டு. அதை மறந்துவிடாதீர்கள், ஏழாவது படியில் தேவைப்படும்.

இரண்டாவது, தோல், காலணி நிறுவனங்களின் தணிக்கை வேலை. வெளிநாட்டு வாங்குவோர், தோல் ஆலைகளின் சுற்றுச்சூழல் நடைமுறையைச் சோதிக்கும் லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற சர்வதேச அமைப்பின் தணிக்கைச் சான்று கேட்கிறார்கள். தண்ணீர், மின்சாரம், ரசாயனக் கணக்கு எல்லாம் எழுதி வைக்க ஆள் தேவை. ஆலைக்குள் நடக்கத் தெரிந்து, எக்செல்லில் கணக்கும் ஆங்கிலத்தில் அறிக்கையும் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் நல்ல மதிப்பு.

மூன்றாவது, சென்னையில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள். இந்த மதிப்பீட்டைச் செய்யத் தகுதி தரும் நேபெட் அங்கீகாரம் நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரத்தின் கீழ் நிபுணராகப் பெயர் பதிய குறிப்பிட்ட பட்டமும் அனுபவ ஆண்டுகளும் வேண்டும். அதனால் முதல் சில வருடம் உதவியாளர் சம்பளம்தான்.

நான்காவது, பெரிய நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கை எழுதும் வேலை. சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து இந்த அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்லியிருக்கிறது. கல்லூரிக் கையேடுகள் இந்த ஒரு வரியைத்தான் பெரிதாகப் போடுகின்றன. உண்மைதான். ஆனால் அந்த வேலைகள் சென்னை, பெங்களூரு, மும்பையில் இருக்கின்றன. கணக்குப் படித்தவர்களும் எம்.பி.ஏ. படித்தவர்களும் அதே நாற்காலிக்கு வருகிறார்கள்.

இந்த நான்கில் நீங்கள் குறி வைப்பது எது என்று ஒன்றைத் தாளின் மேலே எழுதுங்கள். குறி இல்லாமல் சம்பளக் கணக்குப் போட முடியாது.

3. கைக்கு வரும் சம்பளத்தைக் கண்டுபிடியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. இங்கே எண் தப்பாக இருந்தால் கீழே எல்லாமே தப்பு.

போன வருடம் குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். மஞ்சப்பையிலிருந்து கல்லூரிக் கையேட்டை எடுத்து விரித்தாள். நடுப்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'அதிகபட்ச பேக்கேஜ்' என்று ஒரு தொகை, பக்கத்தில் சிரிக்கும் ஒரு மாணவரின் படம். அம்மா அந்தத் தொகையின் மேல் விரலை வைத்து, "இதுல பாதி வந்தாக்கூடப் போதும்" என்றார். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அந்த மாணவரின் துறை போட்டிருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ். சுற்றுச்சூழல் துறையில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்த அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். அவர் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது. அன்றிலிருந்து கையேட்டை ஓரம் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.

கையேட்டுக்குப் பதில் மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலில், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த தரவு. கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்பு, வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்று ஐந்தும் அதில் உண்டு. எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்கும் ஆளின் சம்பளம்தான் இடைநிலை. இரண்டு பேருக்குப் பெரிய சம்பளம் வந்தாலும் இந்த எண் ஏறாது, அதனால் சராசரியைவிட நம்பலாம். முடித்தவர்களில் மேல்படிப்புக்குப் போனவர்களைக் கழித்துவிட்டு, மீதிப் பேரில் எத்தனை பேருக்கு வேலை என்று வகுத்துப் பாருங்கள்.

அதிலும் ஒரு குறை உண்டு. இரண்டாண்டு முதுகலை என்றால் கல்லூரியின் எல்லா இரண்டாண்டு முதுகலையும் ஒரே எண்ணில் கலந்திருக்கும். எம்.பி.ஏ. சம்பளம் சுற்றுச்சூழல் சம்பளத்தைத் தூக்கிக் காட்டும். எனவே இதை மேல் எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சீனியர்கள். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லக் கூச்சப்படுவார்கள். "உங்க வகுப்பில் எத்தனை பேர் இதே துறையில் இருக்காங்க? முதல் வேலை கிடைக்க எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேளுங்கள். சம்பளம் தானாகப் பேச்சில் வந்துவிடும். பாதி வகுப்பு ஐ.டி., வங்கி என்று போயிருந்தால், அந்தப் பட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் ஆஃபர் லெட்டரை நேரில் பார்ப்பது. ஆண்டுக்கு 3,60,000 என்று எழுதிய கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதம் 30,000 என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000. நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, பணிக்கொடை 722, காப்பீடு 478, வருடக் கடைசியில் வேலையைப் பார்த்துத் தரும் தொகை மாதக் கணக்கில் 3,000. இந்த 6,000 மாதாமாதம் கைக்கு வராது. மீதி 24,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி சுமார் 200. கைக்கு 22,000. தாளில் 30,000, கையில் 22,000. தவணையை அந்த 22,000-இலிருந்துதான் கட்ட வேண்டும்.

மூன்று இடத்திலும் கிடைத்த எண்களில் கீழ்ப்பக்கம் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் வந்தால் கடனைச் சீக்கிரம் அடைக்கலாம், குறைந்தால் சமாளிக்க வழியில்லை.

4. வாழும் செலவைக் கழியுங்கள்

சென்னையில் வேலை என்றால்: பகிர்ந்து தங்கும் அறை 5,000, சாப்பாடு 5,500, பஸ் ரயில் 1,500, போன் துணிமணி மருந்து 2,000, வீட்டுக்கு 2,000. மொத்தம் 16,000. 22,000-இல் மீதி 6,000. அவசரத்துக்கென்று 2,000 ஒதுக்குங்கள். தவணைக்கு 4,000.

வாலாஜாவிலோ ஆற்காட்டிலோ வீட்டில் இருந்தபடி ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போகிறீர்கள், கைக்கு 18,000 என்று வைப்போம். பஸ் 1,500, வீட்டுக்கு 5,000, மற்றவை 2,500. மீதி 9,000. அவசரத்துக்கு 2,000 போனால் தவணைக்கு 7,000.

சம்பளம் 4,000 குறைவு, ஆனால் தவணை தாங்கும் அளவு 3,000 அதிகம். பிள்ளைகள் இதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். எங்கே வேலை பார்ப்பது என்பதும் கடன் கணக்கில் ஒரு பகுதிதான்.

இங்கே வரும் தவறு, வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் போடாமல் விடுவது. தங்கையின் படிப்பு, அப்பாவின் மருந்து எல்லாம் உங்கள் முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து பேசி அந்தத் தொகையையும் எழுதுங்கள்.

5. தவணையிலிருந்து கடனுக்கு வாருங்கள்

10% வட்டியில் ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை: 5 வருடம் என்றால் 2,125. 7 வருடம் 1,660. 10 வருடம் 1,322. 15 வருடம் 1,075. இந்த நான்கு எண்ணையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தவணைக்கு 4,000 தாங்கும், 10 வருடத்தில் அடைக்க நினைக்கிறீர்கள் என்றால், 4,000-ஐ 1,322-ஆல் வகுங்கள். சுமார் 3.03 லட்சம். ஆனால் இது நீங்கள் வாங்கக்கூடிய கடன் அல்ல. தவணை தொடங்கும் நாளில் நிற்கும் பாக்கி.

நடுவில் வட்டி ஓடுகிறது. படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் (இதைத்தான் அவகாசக் காலம் என்பார்கள்), ஆனால் வட்டி நிற்பதில்லை. தனிவட்டியாக ஏறி, தவணை தொடங்கும்போது அசலோடு சேர்ந்துகொள்ளும். இரண்டாண்டுப் படிப்புக்குப் பாதிப் பணம் முதலாண்டும் பாதி இரண்டாம் ஆண்டும் எடுத்தால், முதல் பாதிக்கு 3 வருட வட்டி, அடுத்த பாதிக்கு 2 வருட வட்டி. 10% என்றால் சேர்ந்து கடனில் கால் பங்கு. ஆகவே 3.03 லட்சத்தை 1.25-ஆல் வகுங்கள். 2.42 லட்சம். சென்னை வேலையை நம்புகிறவருக்கு இவ்வளவுதான் கடன். வீட்டிலிருந்து போகிறவருக்கு 7,000 தவணையில் இதே கணக்குப்படி 4.24 லட்சம்.

'பதினைந்து வருடம் போட்டால் தவணை குறையுமே' என்று கட்டாயம் தோன்றும். குறையும். அதற்குக் கொடுக்கும் விலை அடுத்த படியில் தெரியும்.

6. இப்போது கல்லூரிச் செலவைப் பக்கத்தில் வையுங்கள்

ஒரு தனியார் கல்லூரியில் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து 5 லட்சம் கடன் தேவை என்று வைப்போம். தவணை தொடங்கும் நாளில் பாக்கி 6.25 லட்சம்.

5 வருடத்தில் அடைத்தால் மாதம் 13,279, மொத்தம் கட்டுவது 7.97 லட்சம்.
7 வருடத்தில் மாதம் 10,376, மொத்தம் 8.72 லட்சம்.
10 வருடத்தில் மாதம் 8,259, மொத்தம் 9.91 லட்சம்.
15 வருடத்தில் மாதம் 6,716, மொத்தம் 12.09 லட்சம்.

15 வருடம் போட்டாலும் தவணை 6,716. சென்னை வேலைக்காரருக்குத் தாங்கும் 4,000-ஐத் தாண்டிவிட்டது. மொத்தத்தில் 5 லட்சத்துக்கு 12 லட்சத்துக்கு மேல் கட்டுகிறார். இருபத்து மூன்று வயதில் கையெழுத்துப் போட்ட கடன், கல்யாணம் ஆகி பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை கூடவே வரும்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். மேலே சொன்ன கடனுக்கு முதலாண்டு மாதம் 2,083, அதற்குப் பின் 4,167. அப்படிச் செய்தால் பாக்கி 5 லட்சத்திலேயே நிற்கும், 10 வருடத் தவணை 6,608 ஆகிவிடும். பல வங்கிகளில் இப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1% குறைப்பும் உண்டு, அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

7. இந்தப் படிப்பு இல்லாமல் என்ன சம்பாதிப்பீர்கள்?

இந்தப் படியைக் கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. பட்டத்தின் மதிப்பு என்பது அதனால் வரும் முழுச் சம்பளம் அல்ல, அது இல்லாமல் வந்திருக்கக்கூடியதைவிட எவ்வளவு அதிகம் என்பதுதான்.

வேதியியல் பி.எஸ்சி. முடித்தவர் ஆய்வகத்தில் 13,000-க்குச் சேர்கிறார் என்று வைப்போம் (உங்கள் ஊரில் விசாரித்து உங்கள் எண்ணைப் போடுங்கள்). இரண்டு வருடம் படிக்கப் போனால் இழக்கும் சம்பளம் 24 மாதம், 3.12 லட்சம். இரண்டு வருடம் கழித்து அவர் 15,000 வாங்குகிறார். முதுகலை முடித்தவர் 22,000 வாங்குகிறார். வித்தியாசம் மாதம் 7,000.

5 லட்சம் கடன் வழியில்: 10 வருடத்தில் கட்டும் மொத்தம் 9.91 லட்சம், இழந்த சம்பளம் 3.12 லட்சம், சேர்த்து 13.03 லட்சம். 7,000-ஆல் வகுத்தால் 186 மாதம். பதினைந்தரை வருடம் கழித்துத்தான் படித்ததும் படிக்காததும் பணக் கணக்கில் சமமாகும்.

அதே பட்டத்தை அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய், 1 லட்சம் கடனில் முடித்தால்: 5 வருடத்தில் கட்டும் மொத்தம் 1.59 லட்சம், இழந்த சம்பளம் 3.12, சேர்த்து 4.71 லட்சம். 67 மாதம். ஐந்தரை வருடத்தில் சமம்.

'பெரிய கல்லூரியில் சம்பளம் அதிகம் கிடைக்குமே' என்பது நியாயமான கேள்வி. அதற்கும் கணக்கு உண்டு. 13.03 லட்சத்தை அதே 67 மாதத்தில் எடுக்க வேண்டுமென்றால் வித்தியாசம் மாதம் 19,448 இருக்க வேண்டும். அதாவது முதல் வேலையில் கைக்குச் சுமார் 34,500 வர வேண்டும். இனி கல்லூரியில் போய் இதைக் கேளுங்கள்: இந்தத் துறையில், போன வருடம், எத்தனை பேருக்குக் கைக்கு 34,500 வந்தது? பதில் சொல்கிற கல்லூரியும் உண்டு. சொல்லாமல் அதிகபட்ச பேக்கேஜையே மறுபடி காட்டினால் அதுவே பதில்.

இரண்டு பக்கமும் சம்பள உயர்வு வரும், எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் 67-க்கும் 186-க்கும் உள்ள இடைவெளி அதனால் மூடிவிடாது.

பணம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பாலாற்று மணலைத் தோண்டித் தண்ணீர் குடித்த ஊரில் பிறந்து, ஆறு நாறுவதைப் பார்த்து வளர்ந்து, இதைச் சரிசெய்யத்தான் படிப்பேன் என்று வருகிற பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் இந்தத் துறையில் பத்து வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை கணக்கும். தவணை கழுத்தை நெரித்தால், இரண்டாம் வருடமே கிடைத்த வேலைக்கு ஓடிவிடுகிறார்கள்.

8. கடனைக் குறைக்கும் வழிகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள்

உதவித்தொகையை முதலில் பாருங்கள், கடனைப் பிறகு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து இப்போது இளங்கலையில் இருக்கும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பொறியியல் கவுன்சலிங்கில் சேர்கிறவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை.

அடுத்து வட்டி மானியம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு, படிக்கும் காலமும் ஒரு வருடமும் ஓடும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. நமது உதாரணத்தில் அது 1.25 லட்சம். ஆனால் இந்த மானியம் வாழ்க்கையில் ஒரு முறைதான், இளங்கலைக்கோ முதுகலைக்கோ. இளங்கலையில் சின்னக் கடனுக்கு வாங்கிவிட்டு முதுகலையில் பெரிய கடனோடு போய் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் படிப்பை விட்டாலும் மானியம் போய்விடும். உங்கள் படிப்பு தகுதிப் பட்டியலில் வருகிறதா என்று வங்கியில் சேருமுன் கேளுங்கள்.

2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு அவகாசக் காலத்தில் 3% வட்டிக் குறைப்பு. நமது 5 லட்சத்தில் இது 37,500 மிச்சம்.

பொறியியல் படித்தவர்கள் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை விடாதீர்கள். 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் தனித் தாளே இருக்கிறது. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்து உதவித்தொகை கிடைத்தால் மாதம் 12,400. கடனே தேவைப்படாமல் போகலாம். ஒரு வருடம் தயாரிப்புக்குச் செலவானாலும் அந்த வருடம் வீண் இல்லை.

9. வங்கியில்

விண்ணப்பத்தை, கல்விக் கடனுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்தில் பதிந்துவிட்டு, அந்த எண்ணோடு கிளைக்குப் போங்கள். நேரில் மட்டும் போனால் 'அப்புறம் வாங்க' என்று சொல்லி அனுப்புவது சுலபம். பதிவு எண் இருந்தால் பதில் எழுத வேண்டும்.

4 லட்சம் வரை மார்ஜின் பணம், அதாவது செலவில் உங்கள் கையிலிருந்து போடும் பங்கு, கிடையாது. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5% நீங்கள் போட வேண்டும். 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் அடமானமோ மூன்றாவது ஆள் ஜாமீனோ இல்லாமல் தரலாம். அந்த அளவுக்குள் வீட்டுப் பத்திரம் கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

அனுமதித்த தொகை முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வங்கி 5 லட்சம் தந்தாலும் ஐந்தாவது படியில் வந்த எண்தான் உங்கள் எல்லை. லேப்டாப்புக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வோம் என்கிற ஆசை இங்கேதான் வரும்.

10. வெளிநாட்டுப் படிப்பு என்றால்

இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைக்கு 25 லட்சம் கடன், 11% வட்டி என்று வைப்போம். படிப்பும் ஒரு வருட அவகாசமும் முடிய, வட்டி 5.5 லட்சம். பாக்கி 30.5 லட்சம். 10 வருடத் தவணை மாதம் 42,000. அங்கே வேலை கிடைத்தால் கட்டிவிடலாம். கிடைக்காமல் திரும்பினால், இங்கே முதல் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. படிப்புக்குப் பின் அங்கே தங்கி வேலை தேடும் விசா இதுவரை 2 வருடமாக இருந்தது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு 18 மாதம்தான். இந்த அளவுக் கடனுக்கு வீட்டைத்தான் அடமானம் கேட்பார்கள். திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதை எழுதி வைக்காமல் பத்திரத்தை எடுக்காதீர்கள்.

11. ஒரு மோசமான வருடத்தை வைத்து மறுபடி போடுங்கள்

எல்லாம் சரியாக வந்தால் என்ன என்றுதான் இதுவரை போட்டோம். இப்போது இரண்டு எண்ணை மாற்றுங்கள். வட்டி 10% இலிருந்து 11% ஆகிறது: பெரும்பாலான கல்விக் கடன் மாறும் வட்டியில்தான் இருக்கிறது. 5 லட்சம் கடனின் 10 வருடத் தவணை 8,259-இலிருந்து 8,782 ஆகும். வேலை கிடைக்க ஒன்றரை வருடம் ஆகிறது: அவகாசம் ஒரு வருடம்தான், ஆகவே ஆறு மாதத் தவணை, சுமார் 50,000, வீட்டிலிருந்து வர வேண்டும். அந்த ஐம்பதாயிரம் எங்கிருந்து என்று பதில் இல்லையென்றால் கடனை இன்னும் குறையுங்கள். தவணை தவறினால் சிபிலில் உங்கள் பெயரோடு அப்பாவின் பெயரும் கெடும்.

12. இரண்டாம் ஆண்டுப் பணம் எடுக்கும் முன் தாளைத் திரும்ப எடுங்கள்

வங்கி பணத்தை ஆண்டுக்கு ஆண்டு கல்லூரிக்கு அனுப்புகிறது. அதனால் இரண்டாவது பாதி இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. முதலாண்டு முடிவில் உங்கள் சீனியர்களுக்கு வேலை கிடைத்ததா என்று இப்போது பக்கத்தில் இருந்தே பார்த்திருப்பீர்கள். மூன்றாவது படியில் போட்ட எண்ணை அடித்துவிட்டு உண்மையான எண்ணைப் போடுங்கள். குறைந்திருந்தால் ஹாஸ்டலை விட்டு வெளியே அறை எடுக்கலாமா, கோடையில் சம்பளம் தரும் பயிற்சி கிடைக்குமா, உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று பாருங்கள்.

குடியாத்தத்துப் பெண் அந்தத் தனியார் கல்லூரியில் சேரவில்லை. ஒரு வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, இந்த ஆனியில் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். தாளை லேமினேட் செய்து வைத்திருப்பதாக அம்மா போனில் சொன்னார். லேமினேட் செய்யாதீர்கள் என்று சொன்னேன், அடுத்த வருடம் அதில் அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.